தூணடியில் ஓர் இலை

ஆறிய சோற்றில் ஒரு பருக்கை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அடுத்த இலைக்கு நகர்வார். அங்கேயும் ஒரு பருக்கை, ஒரு துளி குழம்பு, மீனில் ஒரு துணுக்கு. "அப்பா சாப்பிட்டாச்சு," என்பார். "மாமியாரும் சாப்பிட்டாச்சு. மீன் தலையைக்கூட விடல, ஆசைக்காரி," என்பார். போகியன்று மாலை, மலாக்காவின் காஜா பேராங்கில், செத்துப்போன உறவினர்களுக்கெல்லாம் இலை போட்டிருந்த அந்தக் கூடத்தில் அந்த அம்மாள் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இறந்தவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டால் சோற்றில் ருசி இருக்காதாம். உப்பையும் புளியையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். சக்கைதான் நமக்கு. அது அவருடைய சமூகத்தாரின் நம்பிக்கையா, அவர் தானாகக் கண்டுகொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அப்போது நான் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அவர் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ் வணிகர்கள் இங்கே வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்டார்கள், அவர்கள் வழி வந்தவர். கூடத்தில் மாரியம்மன் படம், நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங்கும் கெபாயாவும், வாயில் மலாய். அவரிடம் இருந்த சில தமிழ்ச் சொற்களில் 'தம்பி' ஒன்று. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை ஊர் வழக்கப்படி 'மக்சிக்' என்பேன், சின்னம்மா என்பது போல. அவர் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். அதில் ஏதேனும் அழகு தெரிந்தால் அது அவருடைய மலாயில் இருந்ததுதான்.

நான் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மகன். கத்தோலிக்கன். பயிற்சி முடித்து மலாக்கா நகரில் ஆசிரியர் வேலை கிடைத்து, அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். படித்தவன் என்ற நினைப்பு எனக்கு நிறைய. தமிழ் தெரியாமல் ஒரு தமிழ் வம்சம் இருப்பது என்னால் பொறுக்க முடியவில்லை.

"மக்சிக், சாயங்காலம் வாங்க. தமிழ் சொல்லித் தரேன்."

"எதுக்கு தம்பி?"

"சாமி கும்பிடத்தான்."

"இத்தனை வருசமா மலாய்லதான் அவளத் திட்டிக்கிட்டு இருக்கேன். நல்லாப் புரிஞ்சிக்கிறா." மாரியம்மன் படத்தைக் காட்டி இதைச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அவருக்குக் கணவர் இருக்கிறார் என்றே நான் வெகு நாள் நினைத்திருந்தேன். அப்படித்தான் பேசுவார். "அவருக்கு உறைப்பு ஆகாது, அதனால இதுல மிளகாய் கம்மி." "அவர் பாயில படுத்தா முதுகு வலிக்கும்பார்." கப்பலில் வேலை போலும், வருடத்துக்கு ஒரு முறை வருவார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வாசல் கதவைப் பகலில் ஒருபோதும் சாத்தமாட்டார். மழை சாரலடித்துப் பலகைத் தரை நனைந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பாரே தவிரச் சாத்தமாட்டார். யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால், வரும்வரை சாப்பிடமாட்டார். நான் ஒருநாள் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி முடிந்து அவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததையே மறந்து, தெருக்கடையில் மீ கோரெங் தின்றுவிட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தேன். தட்டுகள் இரண்டும் மூடியபடி இருந்தன. அவர் எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் தடுமாறியதைப் பார்த்து, "தாக் அப்பா, தம்பி," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அந்த முதல் போகியில்தான் விஷயம் தெரிந்தது. வாசலுக்குப் பக்கத்தில் கடைசி இலை. மற்ற இலைகளைப் போலவே அதிலும் சோறு, புளிக் குழம்பு மீன், அன்னாசிப் பழம் போட்ட ஒரு கறி, அவித்த முட்டை, ஒரு கிளாஸில் காப்பி. அந்த இலையில் மட்டும் அவர் இரண்டாவது முறையும் ருசி பார்த்தார். பிறகு என்னிடம் பருக்கையை நீட்டினார். நான் கத்தோலிக்கன், படையல் சோறு சாப்பிடக்கூடாது என்று தயங்கினேன். அவரே சொன்னார்.

"உப்பு அப்படியே இருக்கு. வரல."

"யாரு, மக்சிக்?"

"அவர்தான்."

சோற்றை இலையோடு ஒரு பெரிய தட்டில் எடுத்து வைத்து, துணி போட்டு மூடி, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "அவர் இருக்கிற இடத்துக்கு," என்று சொல்லிவிட்டு நகரத்தை நோக்கி நடந்தார்.

அவர் போனது எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு. அதாவது, கோயிலாக இருந்த இடத்துக்கு. வெள்ளைக்காரர்கள் பழைய காலத்தில் செம்பாறைக் கற்களால் கட்டியது. ஜப்பான்காரன் வந்த நாட்களில் குண்டு விழுந்து கூரையும் ஒரு பக்கச் சுவரும் போய்விட்டன. அதன் பிறகு பூசை பள்ளிக்கூட மண்டபத்தில்தான் நடந்தது. இடிபாட்டுக்குள் ஆடு மேயும். தூண்களில் ஒன்றுதான் முழுதாக நின்றது.

நடந்ததை அவர் ஒரே முறைதான் என்னிடம் சொன்னார், வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே. போகிச் சமையலுக்கு மீன் வாங்கக் கணவர் தெங்கேரா பக்கம் போயிருக்கிறார். திரும்பி வரும் வழியில் விமானச் சத்தம். ரோட்டில் இருந்தவர்கள் எல்லாம் தடித்த சுவர் காப்பாற்றும் என்று கோயிலுக்குள் ஓடினார்கள். அவரும் ஓடினார். உள்ளே இருந்தவர்களில் யார் யார் என்று அடையாளம் பார்க்கமுடியாமல் எல்லோரையும் ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள்.

"தூணடியில அவர் கூடை கிடந்துச்சுன்னு ஒருத்தர் கொண்டாந்து குடுத்தார், தம்பி. மீன் உள்ளயே இருந்துச்சு."

வாளியிலிருந்து ஒரு சாரோங்கை எடுத்துப் பிழிந்தார்.

"சமைச்சேன். கெட்டுப்போயிடும்ல." கையிலிருந்த சாரோங்கை உதறிக் கொடியில் போட்டார். "அன்னைக்கும் இலை போட்டேன். உப்பு அப்படியே இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, மனுசன் அங்கயே உக்காந்திருக்கார்னு. சத்தம் நிக்கட்டும், போலாம்னு உக்காந்திருக்கார்."

அதனால் அவர் வருடாவருடம் முதலில் வீட்டில் ஓர் இலை போட்டு, ஒருவேளை வந்துவிட்டாரா என்று பார்ப்பார். வரவில்லை என்று தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தூணடியில் வைப்பார். வெளியே வந்து சற்று நேரம் நிற்பார். பிறகு உள்ளே போய் ருசி பார்ப்பார். அங்கே வைத்தது ஒரு வருடமும் ருசியோடு திரும்பவில்லை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மனைவியின் சாதாரணத் திருப்திதான் இருந்தது, சமைத்ததைக் கணவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட திருப்தி.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த நாள் மாலை நகரமெங்கும் கூட்டம். நானும் நண்பர்களும் சைக்கிளில் திடலை நோக்கிப் போனோம். எங்கு பார்த்தாலும் கொடி, பட்டாசு, சீன வெடி. போகும் வழியில் கோயில் இருக்கும் தெருவில் அவரைப் பார்த்தேன். அப்போது கோயிலை மறுபடி கட்டும் வேலை தொடங்கியிருந்தது. சுற்றிலும் துத்தநாகத் தகடு அடைத்திருந்தார்கள். அந்தத் தகட்டோடு ஒட்டி நின்று அவர் பேசிக்கொண்டிருந்தார். நண்பர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை நிறுத்தினேன்.

"மக்சிக், இங்க என்ன பண்றீங்க? வாங்க, திடலுக்குப் போகலாம்."

"நீ போ தம்பி. இந்தச் சத்தம் கேட்டு மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்னு பயந்துக்குவார்." தகட்டின் பக்கம் திரும்பி, "குண்டு இல்ல, இது பட்டாசு. கொண்டாடுறாங்க," என்றார், சத்தமில்லாமல், படுக்கையில் இருப்பவரிடம் சொல்வது போல. பெரிய வெடி ஒன்று வெடித்தது. "இதுவும் பட்டாசுதான்," என்றார்.

நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திடலுக்குப் போனேன். அந்த மாலையைப் பற்றிப் பின்னாளில் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கூட்டத்தைப் பற்றியும் கொடியைப் பற்றியும்தான் சொன்னேன்.

அடுத்து வந்த போகியில் கட்டடம் அரைகுறையாக நின்றது. காவலுக்கு ஒரு சீக்கிய ஜாகா கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். தட்டோடு போய் நின்றவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் தகட்டை விலக்கி வழிவிட்டாராம். ருசி பார்த்து முடித்ததும் முட்டையை அந்த ஜாகாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் அவசரத்தில் இலையின் நுனி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டார். மறுநாள் அதைக் கொத்தனார்கள் பார்த்துவிட்டார்கள். வாழை இலைத் துண்டு, சோறு, மீன் முள்.

கோயில் கட்டும் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். தலைவர், சுங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர். கமிட்டி கூடியபோது, "எவனோ சூனியம் வச்சிருக்கான். தூணுக்குக் கீழ தோண்டிப் பாருங்க," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு என்ன அதென்று தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். நான் என் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் வயதான பிரெஞ்சுக்காரர், இளகிய மனம் உள்ளவர். அவரிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

கோயில் எழும்பி, ஆயர் வந்து அர்ச்சிப்பு நடந்தது. பழைய தூணை இடிக்காமல் அப்படியே உள்ளே நிறுத்தியிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவே அது மட்டும் செம்பாறை நிறத்தில் நின்றது. நல்ல தேக்குக் கதவுகள், கனத்த பூட்டு. பூசை இல்லாத நேரங்களில் பூட்டியே இருக்கும்.

அடுத்த பொங்கலுக்குச் சில நாள் முன்பு மக்சிக் வேலியருகே வந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை அதுவரை.

"தம்பி, போகி அன்னைக்கு உங்க கோயில் திறந்திருக்குமா?"

"இருக்காது மக்சிக்."

தலையை அசைத்துக்கொண்டார். திரும்பப் போனவர் நின்றார். "ஊதுவத்தி வேணாம். விளக்கு வேணாம். இலையை வச்சிட்டு நான் வெளிய வந்து நின்னுக்குவேன். சோறு ஆறுற நேரம்தான். அப்புறம் எடுத்துக்கிட்டு, தரையையும் துடைச்சிடுவேன். துணி கொண்டாருவேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. பெரிய மனிதனாக உணர்ந்தேன். பாடகர் குழுவை நடத்தியவன் நான்தான். பக்கத்துக் கதவின் சாவி என்னிடம் இருந்தது. "நான் இருக்கேன் மக்சிக். வெயில் தாழ்ந்ததும் பக்கத்துக் கதவுகிட்ட வந்து நில்லுங்க. நானே திறந்து விடுறேன்," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?" என்றார். "நெசமா," என்றேன்.

அன்று நான் முன்னதாகவே போய்விட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை. தூணடியில் இருந்த பெஞ்சைக்கூட நகர்த்தி இடம் செய்து வைத்தேன். இதை இப்போது சொல்வது என் பக்கம் நியாயம் தேடுவதற்கல்ல. அவ்வளவு தூரம் வந்தவன் அதன் பிறகு செய்ததைச் சொல்வதற்காகத்தான்.

முன்வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. தலைவரும் அவருடைய மனைவியும் மகளும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்குப் புதுக் கோயிலைக் காட்டத் தன்னிடமிருந்த பெரிய சாவியால் திறந்துகொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா என்று அவர் வீட்டில் பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"அட, மாஸ்டர் இங்கதான் இருக்காரு. நல்லதாப் போச்சு. கோயில் சரித்திரமெல்லாம் நீங்களே சொல்லுங்க," என்றார்.

நான் பீடத்தைக் காட்டினேன். கண்ணாடி ஜன்னல்களைக் காட்டினேன். தூணைக் காட்டி, "பழைய கோயில்ல மிஞ்சினது இது ஒண்ணுதான். குண்டு விழுந்தப்ப இங்க சில பேர் இறந்துபோனாங்க," என்றேன். தலைவரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று தலைவர் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். நான் திறக்கத் தயங்கினேன். அவரே தாழ்ப்பாளை நீக்கினார்.

படியில் மக்சிக் நின்றார். நல்ல நீலக் கெபாயா உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, இரு கைகளிலும் மூடிய தட்டைப் பிடித்தபடி. நடந்து வந்ததில் முகம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கதவை நான்தான் திறந்தேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாரு மாஸ்டர் இந்தம்மா? தெரிஞ்சவங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாதுங்க. பலகாரம் விக்க வந்திருப்பாங்க போல," என்றேன்.

"கோயில் வாசல்ல என்னா வியாபாரம். போகச் சொல்லுங்க லா."

தமிழில் நடந்த இந்தப் பேச்சு அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புரியாமல் போயிருந்தால் என்று நான் பிறகு எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த ஆசைக்கும் இடமில்லாமல் செய்துவிட்டேன். ஏனென்றால் அடுத்ததை நான் மலாயில், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "இன்னைக்குப் பலகாரம் வேண்டாம், மக்சிக்."

தலைவரின் மகள் முன்னால் வந்தாள். "நல்ல மணமா இருக்கே, அப்பா. இருங்க, என்னான்னு பார்ப்போம்." அவரிடம் மலாயில், "என்ன கொண்டுவந்திருக்கீங்க? பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

துணியை விலக்கினால் இலையும் சோறும் தெரிந்துவிடும். ஒரு வருடமாகப் பேசிய சூனியம் யாருடையது என்று தெரிந்துவிடும். அவர் தட்டைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டார்.

"விக்கிறதுக்கு இல்ல, நோனா. ஒருத்தருக்குன்னு சமைச்சது. வீடு தெரியாம இங்க வந்துட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "தாக் அப்பா, துவான்," என்றார். என்னை அவர் ஐயா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. படியிறங்கி, வந்த வழியே போனார். தட்டு சாயாமல் இருக்க மெதுவாகத்தான் நடந்தார். தெருத் திரும்புகிறவரை எனக்கு அவர் முதுகு தெரிந்தது. ஓடிப் போயிருந்தால் நாலு எட்டில் பிடித்திருக்கலாம். நான் கண்ணாடி ஜன்னலில் இருந்த புனிதர் யார் என்று தலைவரின் மகளுக்கு விளக்கினேன்.

வீட்டுக்குப் பின்சந்து வழியாக, அவர் வாசலைத் தவிர்த்துப் போனேன். மறுநாள் காலை, எப்போதும் போல, வேலிக்கு மேலாக எனக்குப் பொங்கல் தட்டு வந்தது, பொங்கலோடு சோறும் புளிக் குழம்பு மீனும். அவர்தான் நீட்டினார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அறைக்குள் வந்து சாப்பிட்டேன். மிளகாய் குறைவாக இருந்தது. யாருக்காகச் சமைத்தது என்று முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. உப்பு சரியாக இருந்தது, புளி சரியாக இருந்தது. படையல் சோறு சாப்பிடக்கூடாது என்ற என் கொள்கை எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அதன் பிறகும் அவர் என்னிடம் பேசினார். மழை வரும்போலிருந்தால் என் துணிகளையும் சேர்த்து எடுத்து வைத்தார். நான்தான் சீக்கிரம் கிளம்பி நேரம் கழித்து வரலானேன். எனக்குத் தலைவரின் மகளோடு நிச்சயம் ஆயிற்று. அடுத்த போகி வந்தபோது, தைப்பிங்குக்கு மாற்றலும் வந்திருந்தது. கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்பது போல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மக்சிக், இன்னைக்குக் கண்டிப்பாத் திறக்குறேன். யாரும் வரமாட்டாங்க. நானே தட்டைத் தூக்கிட்டு வரேன்."

"வேணாம் தம்பி." மறுபடியும் தம்பி என்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் நிற்கவில்லை.

"ஏன் மக்சிக்?"

"அது இப்ப உங்க வீடு. கூரை போட்டாச்சு, கதவு போட்டாச்சு. ஒரு வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுக்கு வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோனா, வீட்டுக்காரங்களுக்கு மரியாதைக் குறைவு. நான் அதை யோசிக்கல." இலையைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார். "நீங்க ஞாயித்துக்கிழமையெல்லாம் அங்க ஒண்ணாக் கூடுறீங்க. செத்தவங்களுக்கும் வேண்டிக்குவீங்கன்னு சொல்லியிருக்கே. அவரையும் பார்த்துக்குங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு பயணம் போகிறவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பது போலச் சொன்னார். பிறகு இலைகளைப் போட்டார். தகப்பனாருக்கு, மாமியாருக்கு, மற்றவர்களுக்கு. வாசலருகே ஒன்றும் போடவில்லை. எழுந்து போய், மாலை வெளிச்சம் இருக்கும்போதே, வாசல் கதவைச் சாத்தினார்.

தைப்பிங்கில் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றேன். மக்சிக் இறந்த செய்தி, நடந்து சில வருடங்கள் கழித்து, நான் முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மனைவியிடம் இதை நான் சொன்னது அவள் நோயில் படுத்திருந்தபோது. அவள், "நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தம்மா உங்களப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பு, தெரியாதவங்களப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பா?" என்றாள். தெரிந்தும்தான் என்னை மணந்திருக்கிறாள். அதைப் பற்றி அவளிடம் மேலே கேட்க எனக்குத் துணிவில்லை. இப்போது அவளும் இல்லை.

சென்ற மாதம் தனியாக பஸ் ஏறி மலாக்கா போனேன். கோயிலில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூணருகே, பழைய கட்டடத்தில் எஞ்சியது என்று ஒரு பலகை. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டவரை நான் அத்தனை வருடங்களில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் முறையில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது, இறந்தவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது. அதற்குக் கையில் ஒரு தட்டுகூட வேண்டாம்.

கோயிலின் பங்கு அலுவலகத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள்.

"ஞாயிறு தமிழ்ப் பூசையிலயா, அங்கிள்? யாருக்காக?"

"இறந்துபோன ஒருத்தருக்காக."

"பேரு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் தன் கணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. 'அவர்' என்பார். நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா பேரு தெரிஞ்சிருக்கணுமே, அங்கிள்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உதவுவதற்காகத்தான் யோசித்தாள். "சரி, அவர் வீட்டுல வேற யார் பேராவது சொல்லுங்க. இன்னார் கணவர், இன்னார் அப்பா, அப்படிப் போட்டுக்கலாம்."

மக்சிக்கின் பெயரைச் சொன்னேன். தமிழும் மலாயும் கலந்த பெயர். அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

ஞாயிறுவரை ஒரு விடுதியில் தங்கினேன். பூசையில் இளம் சாமியார் இறந்தவர்களுக்கான மன்றாட்டில் பெயர்களை வாசித்தார். அந்தப் பெயர் வந்தபோது சற்றுத் தடுமாறி, பிறகு முழுதாகப் படித்து, "அவருடைய கணவருக்காகவும்," என்றார். மக்கள் வழக்கமான பதிலைச் சொன்னார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும், நான் பதில் சொல்லாமல் நிற்பதைக் கண்டு, "உடம்பு சரியில்லையாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். "இப்ப படிச்சாங்களே, அவங்க எனக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க."